மாவுக்கட்டுப் பிரித்த காலை உருவிவிடலாமா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 61 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். பிரித்துப் பத்து நாள் ஆகிறது. நாலைந்து நாளாக அந்தக் கெண்டைக்கால் வீங்கி, தொட்டாலே வலிக்கிறது என்கிறார். மெடிக்கலில் வீக்கத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், குறையவில்லை. தினமும் ராத்திரி தைலம் தேய்த்து நானே உருவிவிடுகிறேன். தோல் செதில் செதிலாக உரிகிறது, தொடை சூம்பியிருக்கிறது. ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய் மசாஜ், கேரள உழிச்சில், தொக்கணம், வர்மம், பாத அழுத்தம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? மசாஜ் செய்தால் உடலின் கழிவெல்லாம் வெளியேறும் என்பது உண்மையா? டெல்லியில் அம்மா கால் பிடித்துவிட்டதால் மகன் இறந்துபோனதாக ஒரு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லை.
– வாசகி, விருதுநகர்

மருத்துவர் பதில்:

உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். தைலம் வேண்டாம், 'லேசாகத் தடவுகிறேன்' என்பதும் வேண்டாம். காலுக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன்) எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்கு அம்மாவை இன்றே கூட்டிப் போங்கள். கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் இதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இங்கே விரிவாக எழுதக் காரணம், மாவுக்கட்டுப் பிரித்த பல வீடுகளில் மறுநாளே தைலக் குப்பி வந்துவிடுகிறது.

ஏழு வகை மசாஜ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது, 'நான் உருவியதால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ' என்ற பயம்தான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் காலில் ரத்தக்கட்டி இருந்தால், அதை உண்டாக்கியது உங்கள் கை இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிவதால்தான் காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளிலிருந்து ரத்தம் இதயத்தை நோக்கி மேலே ஏறுகிறது. ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் அந்தச் சதைக்கு வேலையே இல்லை. ரத்தம் தேங்கியிருக்கும். எலும்பு முறிந்த உடலில் ரத்தம் உறையும் தன்மையும் கூடுதலாகவே இருக்கும். இரண்டும் சேரும்போது ஆழ்சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். மருத்துவமனையில் இதைச் சுருக்கமாக டி.வி.டி. (DVT) என்பார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பிரசவத்தை ஒட்டியும், புற்றுநோய் உள்ளவர்களுக்கும், நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

அப்படிக் கட்டி இருக்கும் காலை அழுத்தி மேல்நோக்கி உருவும்போது அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்துவிடலாம். பெயர்ந்த துண்டு சிரை வழியே இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் தமனியில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் நிமிடங்களில் உயிர் போகலாம்.

நீங்கள் சொல்லும் டெல்லிச் சம்பவம் உண்மையானது. 2016இல் நடந்தது. 23 வயது இளைஞர், விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டிருந்தவர். கட்டுப் பிரித்த பிறகும் வலி இருந்ததால் அவருடைய அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தது என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 'மசாஜ் செய்தால் மரணம்' என்று இதற்குத் தலைப்புப் போட்டுப் பரப்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பார்ப்பவர்கள் எல்லா மசாஜையும் கண்டு பயப்படுகிறார்கள். மாவுக்கட்டு, ஒரு காலில் மட்டும் வீக்கம், விடாத வலி என்ற மூன்றையும் யாரும் மனதில் வாங்குவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மூன்றைத்தான். உங்கள் கடிதத்திலும் அந்த மூன்றும் இருக்கின்றன.

கட்டுப் பிரித்த காலில் வீக்கம் சகஜம்தானே என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி சரி. சாதாரண வீக்கம் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் இருக்கும். சாயங்காலம் கூடும், காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்தால் வற்றியிருக்கும். கெண்டைக்கால் சதையே விறைத்துப் பருத்து, தொட்டால் வலித்து, சூடாகவும் இருந்து, காலையிலும் வற்றாமல் இருந்தால் அதைச் சாதாரணம் என்று விடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. கீழே, இன்ச் டேப்பால் இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். பாதிக்கப்பட்ட கால் 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் நாங்கள் அதை வலுவான அறிகுறியாகக் கொள்வோம். 3 செ.மீ. இல்லை என்றால் நிம்மதி அடையலாமா? உங்கள் அம்மா விஷயத்தில் கூடாது. ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த கெண்டைக்கால் மற்றதைவிட இளைத்திருக்க வேண்டும். இளைத்திருக்க வேண்டிய கால் கொஞ்சம் பருத்திருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் டேப் என்ன சொன்னாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். வலியில்லாத பரிசோதனை, ஊசிகூட இல்லை.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஸ்கேன் சென்டரில் வரிசையில் உட்கார வேண்டாம். 108ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே உள்ளே நுழைந்ததும், 'மாவுக்கட்டுப் பிரித்த கால், கெண்டைக்கால் வீக்கம்' என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த மெடிக்கல் கடை மாத்திரை. வீக்கம் ஏன் வந்தது என்று காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கவுன்ட்டரில் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையால் கட்டி கரையாது. வலி மட்டும் மரத்துப்போகும், நாள் தள்ளிப்போகும். இன்னும் சிலர் நீர் பிரியும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். அது இந்த வீக்கத்துக்கு மருந்தே இல்லை. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் எளிதாக உறையும். தயவுசெய்து அந்த மாத்திரைப் பட்டையைத் தூர வையுங்கள். ஆனால் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தால் பதற வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஊசியாகவோ மாத்திரையாகவோ தொடங்குவார்கள். பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டியிருக்கும். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தக் கூடாது. இந்த மருந்து எடுக்கும் காலத்தில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வீக்கம் மட்டும் தொடர்ந்தால், ஒரு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்வதும் உண்டு. அதை வீண்செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

தோல் உரிவது கட்டுக்குள் சேர்ந்த பழைய தோல் கழல்வதுதான். மிதமான சுடுநீரில் கழுவித் தேங்காய் எண்ணெயை மேலாகப் பூசுங்கள், தேய்க்க வேண்டாம். தொடை சூம்பியது நடக்க நடக்கத் தேறும். இந்த இரண்டுக்கும் கவலையே வேண்டாம். ஆனால் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்த 61 வயதுப் பெண் என்பதால், கால் சரியானதும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் ஒருமுறை பாருங்கள்.

சரி, மசாஜுக்கு வருவோம். தொடு சிகிச்சையை நான் மட்டமாக நினைப்பவன் இல்லை. சித்த மருத்துவத்தின் தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டு, அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது முறைகள் சொல்லியிருக்கிறார்கள். ஸ்வீடிஷ் மசாஜில் வரும் நீவுதல், பிசைதல், தட்டுதலை 19ஆம் நூற்றாண்டில் வகைப்படுத்தியவர் யோஹான் மெஸ்கர் என்ற நெதர்லாந்து மருத்துவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல இடங்களில் கை செய்யும் வேலை ஒன்றுதான். இறுகிய தசை தளர்கிறது, வலி கொஞ்சம் அடங்குகிறது, மனப் பதற்றம் குறைகிறது, நல்ல தூக்கம் வருகிறது. கீழ்முதுகு வலி பற்றி 2015இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும், மசாஜால் குறுகிய காலத்துக்கு நிவாரணம் கிடைக்கலாம், நீண்ட காலப் பலனுக்கு ஆதாரம் போதாது என்றுதான் சொல்கிறது. இந்த அளவுக்கு எதிர்பார்த்துப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

டீப் டிஷ்யூவும் தாய் மசாஜும் அம்மாவுக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். முதலாவதில் முழங்கையால்கூட ஊன்றி அழுத்துவார்கள். தாய் மசாஜில் எண்ணெய் இல்லை. பாயில் படுக்கவைத்து, கை கால்களை மடக்கி இழுத்து நீட்டுவார்கள். நுவாத் தாய் என்ற பெயரில் 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அருமையான கலை அது. ஆரோக்கியமான உடம்புக்கு இதமாக இருக்கும். எலும்பு வலுவா என்று இன்னும் பார்க்காத ஒருவரிடம் செய்து பார்க்க முடியாது. உழிச்சில், தொக்கணம், வர்மம் செய்துகொள்ள விரும்பினால், எலும்பு மருத்துவர் சம்மதித்த பிறகு, முறையாகப் படித்த ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரிடம் போங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரம் இல்லை. யாரிடம் போனாலும் கழுத்தில் நெட்டி முறிக்க விடாதீர்கள். கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

உள்ளங்காலில் இந்த இடம் சிறுநீரகம், அந்த இடம் கல்லீரல் என்று போட்டிருக்கும் வரைபடத்துக்கு ஆதாரம் கிடையாது. பாதத்தைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். 'கழிவு வெளியேற்றம்' என்பது விளம்பரம். கழிவைப் பிரித்து அனுப்புவது கல்லீரலும் சிறுநீரகமும். தோலைத் தேய்ப்பதால் அந்த வேலை கூடுவதில்லை. நிணநீர் வடிப்பு மசாஜ் என்று உண்மையிலேயே ஒரு சிகிச்சை இருக்கிறது. எமில் வோடர் என்ற டென்மார்க்காரர் 1930களில் உருவாக்கிய, இறகால் வருடுவது போன்ற மென்மையான முறை. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியவர்களுக்கும் யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் செய்கிறார்கள். அதையும் காலில் ரத்தக்கட்டி இருக்கும்போது செய்யக் கூடாது. 'வீக்கத்துக்குத்தானே இது' என்று அம்மாவை அங்கே கூட்டிப் போய்விடாதீர்கள்.

ஸ்கேன் முடிவு வந்து மருத்துவர் சரி என்றதும் அம்மாவின் காலுக்குத் தேவை பிசியோதெரபி. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். அந்தக் கெண்டைக்கால் சதையை மறுபடி வேலை வாங்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. கட்டி இருந்திருந்தால், காலில் தைலம் தேய்த்து உருவுவது பற்றி மருந்துக் காலம் முடியும்போது உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அம்மாவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரத்தால், தோளை இதமாகப் பிடித்துவிடலாம், தலைக்கு எண்ணெய் வைத்துவிடலாம். அதற்குத் தடையே இல்லை.