தொண்டியாரும் தண்டையாரும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. சென்னையை ஆண்டது இங்கிலீஷ்காரன் இல்லை, வேறு ஒருவன் என்று வைத்துக்கொண்டு நம் பெயர்களை அவன் எழுத்துக்கூட்டலில் எழுதிப் பார்ப்பேன். பழவேற்காட்டு டச்சுக்காரன் தெற்கே இறங்கி வந்திருந்தால் 'முத்து'வை எப்படி எழுதியிருப்பான், போர்ச்சுகீசியன் என்றால் எப்படி என்று. ஆப்பிரிக்க மொழிகளுக்கும் செய்து ஒரு நோட்டே நிரம்பிவிட்டது. நம் பகுதிப் பெயர்கள் கொண்ட பிரெஞ்சுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். வேலையற்ற வேலை என்கிறார்கள் நண்பர்கள். இதில் ஏதாவது இருக்கிறதா? போர்ச்சுகீசியர் ஆண்டிருந்தால் தமிழே ரோமன் எழுத்துக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம். சரிதானா?

வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வேலையற்ற வேலைதான். அதனால் என்ன? உங்கள் பட்டியலால் எனக்கு இரண்டு நாள் எழுத்து வேலை கெட்டது.

நோட்டில் நீங்கள் அழகாகப் பிடித்திருப்பது 'த'. இங்கிலீஷ்காரன் 'டி' என்ற எழுத்தைச் சொல்லும்போது அவன் நாக்கு பல்லைத் தொடுவதில்லை, ஈறுக்குப் போகிறது. நம் காதுக்கு அது 'ட'. ஆகவே அந்த எழுத்தை 'ட' எடுத்துக்கொண்டது. 'த'வுக்கு எச் என்று ஒரு வால் ஒட்ட வேண்டியதாயிற்று. போர்ச்சுகீசியரும் பிரெஞ்சுக்காரரும் அதே எழுத்தைப் பல்லில் நாக்கு படத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கையில் 'த'வுக்கு வாலே வேண்டியிருந்திருக்காது, 'ட'தான் அநாதையாக நின்றிருக்கும். நம் வீட்டுக் கவிதா எச் போட்டு எழுதுவதும் வடநாட்டுக் கவிதா போடாமல் எழுதுவதும் இதனால்தான். அவர்களுக்கு எச் என்றால் மூச்சுக்காற்று. ஒரு நாக்கு எங்கே பட்டது என்பதற்காக நாம் இன்னும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் போர்ச்சுகீசியர் விஷயத்தில் உங்கள் ஊகம் ஓடவில்லை. 1554-இல் லிஸ்பனில் ஒரு கிறிஸ்தவ வினா விடைப் புத்தகம் அச்சானது. தமிழ்தான், ஆனால் ரோமன் எழுத்தில். அதாவது தமிழ் அச்சேறியதே முதலில் ரோமனில். 24 வருஷம் கழித்து, 1578-இல், போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழ் அச்செழுத்திலேயே கொண்டுவந்துவிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவரிடம் போவதற்கு அதுதான் வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே போர்ச்சுகீசியரின் கோவாவில் கொங்கணி ரோமனுக்குப் போய் இன்றும் அதில் எழுதப்படுகிறது. 'ஷ'வுக்கு அங்கே எக்ஸ். ஆட்சி ஒன்று, விளைவு இரண்டு. எந்தக் கொடி பறந்தது என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இதில் உதைக்கும்.

பிரெஞ்சுப் பட்டியலுக்கு மட்டும் கற்பனையே தேவையில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தோனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 1748 ஒப்பந்தத்தில், வட அமெரிக்காவில் லூயிபூர்க் என்ற கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்து, பதிலுக்குச் சென்னையை வாங்கிக்கொண்டார்கள் ஆங்கிலேயர்கள். ஊர் கைமாறியது 1749-இல். அந்தப் பண்டமாற்று மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் மண்ணடிக் கடைப் பலகைகள் எப்படி இருந்திருக்கும்? பஸ் ஏறிப் புதுச்சேரி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் குடும்பத்தில் சண்முகம் என்று இரண்டு பேர், ஒரே தாத்தாவின் பெயர் வைக்கப்பட்டவர்கள். ராயபுரத்துச் சண்முகம் எஸ்-எச் போட்டுத் தொடங்கி எம்மில் முடிப்பார். புதுச்சேரிச் சண்முகம் பெரியப்பா எழுதுவது இப்படி: சி, எச், ஏ, என், இ, எம், ஓ, யூ, ஜி, ஏ, எம், இ. பன்னிரண்டு எழுத்து. சிறுவயதில் அந்தக் கடைசி இ எதற்கு என்று கேட்டேன். "அது இல்லேன்னா வெள்ளைக்காரன் என்னை மூக்கால கூப்பிடுவான்டா" என்றார். சரியான விளக்கம். பிரெஞ்சில் கடைசியில் ஏ-எம் என்று நின்றால் ம் வாயிலிருந்து மூக்குக்குப் போய்விடும் ஆபத்து உண்டு; பின்னால் ஓர் இ வைத்தால் உதடு மூடும். ராமலிங்கமும் சந்திரசேகரனும் அங்கே இ வாலோடு திரிவதற்கு இதுதான் காரணம். இந்த இ உங்கள் பட்டியலில் ஒரு பெயரிலும் இல்லை. ராயபுரத்துக்கு வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இதே கதை எல்லைக்கோட்டின் மேலேயே நடக்கிறது. செனெகல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது, அதன் வயிற்றுக்குள் கிடக்கும் காம்பியா ஆங்கிலேயரிடம். இரண்டு பக்கமும் ஒரே குலப் பெயர்கள். செனெகலில் டி-ஐ-ஏ என்று தொடங்குகிற டியாலோ, எல்லை தாண்டினால் ஜே போட்ட ஜாலோ. என்டியாய் அங்கே என்ஜாய் ஆகிவிடுவார். குடும்பம் ஒன்று, பாஸ்போர்ட் வேறு.

எனக்குப் பிடித்தது சோமாலி. வடக்கே ஆங்கிலேயர், தெற்கே இத்தாலியர். 1960-இல் இரண்டும் சேர்ந்து விடுதலை பெற்ற பின் அரபி எழுத்தா, உள்ளூரில் உருவான உஸ்மானியாவா, ரோமனா என்று பன்னிரண்டு வருஷம் இழுபறி. 1972-இல் ரோமன். ஷிரே ஜாமா அகமது என்ற சோமாலி அறிஞர் வகுத்த முறை அது. தன் மொழிக்கு எக்ஸ், சி இரண்டாலும் பெரிய வேலை இல்லை என்று பார்த்து, தொண்டையிலிருந்து வரும் இரண்டு ஒலிகளுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டார். இங்கிலீஷ்காரன் படித்தால் திணறுவான், இத்தாலிக்காரனும் திணறுவான். திணறட்டுமே, எழுதியது அவர்களுக்காக இல்லையே. உங்கள் நோட்டில் டச்சு முத்து, பிரெஞ்சு முத்து, போர்ச்சுகீசிய முத்து எல்லோரும் இருக்கிறார்கள். முத்து தானே உட்கார்ந்து தனக்கு எழுதிக்கொண்டால் எப்படி எழுதுவான் என்று ஒரு பக்கம் கூட இல்லை. இது என் முதல் குறை.

இரண்டாவது குறை, நீங்கள் இன்றைய தமிழ்ப் பெயரை எடுத்து, எழுத்துக்கு எழுத்து மாற்றிவிடுகிறீர்கள். அப்படி எந்த ஊரும் எழுதப்பட்டதில்லை. யாரோ ஒருவர் வாயால் சொன்னதை யாரோ ஒரு குமாஸ்தா, ஏதோ ஒரு நாள் காலையில், காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது அது. நம் தண்டையார்பேட்டையையே பாருங்கள். தொண்டியிலிருந்து வந்து இந்தப் பக்கம் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று கூப்பிட்டதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டு வாய்க்கு அது நாளாவட்டத்தில் தண்டையார் ஆகிவிட்டது. தொண்டியாரை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருப்பது எது? தப்பான ஸ்பெல்லிங் என்று நாம் எல்லோரும் சிரிக்கும் அந்த இங்கிலீஷ் பலகை. டி-ஓ-என்-டி-ஐ.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்குச் சரிசெய்கிறேன் என்று அறிவித்துச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் தண்டையார்பேட்டையும் இருந்தது, எச், இரட்டை ஏ எல்லாம் சேர்ந்து. கேலி பண்ணியவர்களில் நானும் ஒருவன். நீளமாக இருக்கிறதே என்றுதான் அன்று சிரித்தேன். தொண்டியார் போயிருப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

ஆகவே அடுத்த முறை முதலில் வாயைத் தேர்ந்தெடுங்கள். 1750-இல் கரையில் ஒரு படகோட்டி 'வந்துகினு' என்கிறான், பிரெஞ்சுக் குமாஸ்தா எழுதுகிறான். 'கி' வர ஜி-யூ-ஐ, 'னு' வர என்-ஓ-யூ. 'வருகிறேன்' அந்த ஏட்டில் ஏறவே போவதில்லை.

முத்து தானே எழுதினால் என்று கேட்டேன் அல்லவா? போன வாரம் அக்கா பேரன் எனக்கு அனுப்பிய செய்தி, வி-என்-டி-யூ ஐ-ஆர்-கே-என். வந்துட்டு இருக்கேனாம். உயிரெழுத்தைப் பாதிக்கு மேல் கழற்றி வீசிவிட்டான், எனக்கும் புரிந்துவிட்டது. கமிட்டி இல்லை, பாதிரியார் இல்லை. மறுநாள் அவன் வண்டிக்குப் பெயர் ஒட்ட எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடைக்குப் போனோம். கடைக்காரர் கத்தியால் வெட்டிக்கொண்டே கேட்டார்: "எச் ஒண்ணா ரெண்டா? நியூமராலஜி பாத்துட்டீங்களா?" டச்சுக்காரன் வராவிட்டால் என்ன, எண்கணித ஜோசியர் வந்துவிட்டார்.

உங்கள் கொருக்குப்பேட்டைக்கு கே போட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சுக்காரன் சி அல்லவா போடுவான் என்று பக்கத்தில் பென்சிலால் சுழித்தேன். அரியாங்குப்பத்துக் குப்பத்துக்கு அவர்கள் சி-தான் போட்டார்கள். அப்புறம் காரைக்கால் ஞாபகம் வந்தது. அதற்கு கே. சுழியை அழித்துவிட்டேன், உங்கள் கே இருக்கட்டும்.