குணமானது சரி, எதனால்? – வாசகர் கேள்வி பதில்

மனநலச் சிகிச்சைகளும் திறன் பயிற்சிகளும் பலன் தருகின்றனவா என்று சோதிக்கும் ஆய்வுகளில் மதிப்பீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யாருக்கும் சிகிச்சை கொடுத்ததில்லை. பிறர் கொடுத்த பிறகு போய் அளப்பதே என் வேலை. ஆகவே இந்தப் பகுதியில் ஆறுதல் குறைந்து கணக்கு மிகுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற இதழில் நடத்தைச் சிகிச்சை பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் சில இங்கே.

மூன்று மாதம் கவுன்சலிங் போனேன். படபடப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. என் கணவரோ, 'சும்மா இருந்திருந்தாலும் சரியாகியிருக்கும்' என்கிறார். யார் சொல்வது சரி அம்மா?
– ஒரு வாசகி

உங்கள் கணவருக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. 1952-இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். பதற்றம், படபடப்பு போன்ற தொல்லைகளோடு வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று எழுதினார். சிகிச்சையாளர்கள் கொதித்துப் போனார்கள். அவருடைய கணக்கிலும் ஓட்டை இருந்தது. சிகிச்சை பெறாதவர்கள் என்று அவர் சேர்த்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோரியவர்கள். அவர்களைக் குடும்ப மருத்துவர்கள் மருந்தும் கொடுத்து, நாலு தைரிய வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் என்று அவர்களை எப்படிச் சொல்வது?

ஆனால் ஐசெங்க் எழுப்பிய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நாம் எப்போது கவுன்சலரைத் தேடிப் போகிறோம்? இனி தாங்காது என்கிற வாரத்தில். இருப்பதிலேயே மோசமான வாரத்தில் தொடங்கினால், அடுத்து வரும் வாரங்களில் பெரும்பாலானவை அதைவிட மேலாகத்தான் தெரியும். கவுன்சலர் கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி.

கவுன்சலிங் போகாத இன்னொரு 'நீங்கள்' எங்கும் இல்லை என்பதால் உங்கள் வழக்கைத் தனியாகத் தீர்க்க வழியில்லை. அதனால்தான் பலரைச் சேர்த்து, குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்குச் சிகிச்சை தந்து ஒப்பிடுகிறோம். மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 1977-இல் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த 375 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தார். பொதுக் கணக்கு உங்கள் கட்சி. வீட்டில் இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மருந்தைச் சோதிக்கப் போலி மாத்திரை இருக்கிறது. பேச்சுக்கும் பயிற்சிக்கும் போலி எங்கே கிடைக்கும்?
– உளவியல் மாணவர்

தம்பி, கார்டன் பால் 1966-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். மேடைப் பேச்சு என்றாலே நடுங்கும் கல்லூரி மாணவர்களை அவர் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு, உடலைத் தளர்த்திக்கொண்டு பயத்தைப் படிப்படியாக மனத்தில் எதிர்கொள்ளும் பயிற்சி. இன்னொன்றுக்கு, பயத்தின் வேரைத் தேடிப் பேசும் சிகிச்சை. மூன்றாவது குழுவுக்குத்தான் நீங்கள் கேட்ட போலி: அதே சிகிச்சையாளர்கள், அதே அளவு நேரம், கனிவான கவனிப்பு, கூடவே பதற்றத்தை அடக்கும் என்று சொல்லிக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரை. வேறு சிலர் வெறுமனே காத்திருந்தார்கள்.

ஐந்து அமர்வுகள் முடிந்ததும் பேச வைத்தார். பேசப் போகும் முன் நாடித்துடிப்பும் உள்ளங்கை வியர்வையும் அளக்கப்பட்டன. பேசும்போது, பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு கை நடுங்குகிறதா, குரல் தடுமாறுகிறதா என்று குறித்தார்கள். படிப்படியான பயிற்சி முதலிடத்தில் வந்தது. வேரைத் தேடிய குழுவும் மாத்திரைக் குழுவும் ஏறக்குறைய ஒரே தரம். காத்திருந்தவர்கள் கடைசி.

கனிவும் எதிர்பார்ப்பும் மட்டுமே அவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகின்றன, பாருங்கள். ஆகவே, 'காத்திருந்தவர்களைவிட எங்கள் பயிற்சி மேல்' என்று மட்டும் காட்டும் ஆய்வுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். காத்திருப்பவர் சும்மாவும் இருப்பதில்லை. 'என் முறை வரட்டும்' என்று, தானாகச் செய்திருக்கக்கூடியதைக்கூட ஒத்திப்போடுகிறார். மனச்சோர்வு ஆய்வுகளில், எதுவும் தரப்படாதவர்களைவிடக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள் பின்தங்கியதும் உண்டு. பக்கத்தில் நோஞ்சானை நிற்க வைத்துவிட்டுத் தன்னைப் பயில்வான் என்பது அது.

சிகிச்சை பெற்றவருக்கே தான் எதைப் பெற்றோம் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு நடுநிலையாக அளப்பது எப்படி?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

இது என் பிழைப்பைப் பற்றிய கேள்வி ஐயா. நீளமாகத்தான் சொல்வேன்.

பெற்றவருக்குத் தெரிவதைத் தடுக்க முடியாது. அளப்பவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அறைக்குள் வருபவர் எந்தக் குழு என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். வாசலிலேயே உதவியாளர் அவரிடம், 'உள்ளே இருக்கும் அம்மாவிடம் எந்த வகுப்புக்குப் போனீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்' என்று எச்சரித்திருப்பார். நானும் முதல் வாக்கியமாக அதையே சொல்வேன். பிறகு கேள்விகள் தொடங்கும். 'கடந்த ஒரு வாரமாகத் தூக்கம் எப்படி?' 'நன்றாக வருகிறது அம்மா, எங்கள் குழுவில் சொல்லிக் கொடுத்த...' என்று ஆரம்பித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. அத்தோடு என் வேலை முடிந்தது. பேனாவை மூடிவிட்டு, படிவத்தில் குழு தெரிந்துவிட்டது என்று குறித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மீதியை வேறொரு மதிப்பீட்டாளர் வந்து கேட்பார். பாவம், அந்த மனிதர் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல விழிப்பார்.

வாயால் சொல்லாதவர்களும் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். கஷ்டமான கேள்வி வந்ததும் ஒருவர் மெதுவாக எண்ணி மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் எனக்குப் புரியாமலா போகும்? அதனால் கடைசியில் எங்களையே ஊகிக்கச் சொல்வார்கள்: இவர் எந்தக் குழு? பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட எங்கள் ஊகம் அதிகம் பலித்திருந்தால், அதையும் ஆய்வறிக்கையில் எழுத வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், 2013-இல் எட்மண்ட் சோனுகா-பார்க்கும் அவருடைய சகாக்களும் செய்த தொகுப்பாய்வைப் பாருங்கள். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சிகளை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் தாமே பங்கெடுத்த பெற்றோர் மதிப்பெண் போட்டபோது குழந்தையிடம் நல்ல முன்னேற்றம். எந்தக் குழந்தைக்குப் பயிற்சி கிடைத்தது என்பது தெரியாதிருக்க வாய்ப்புள்ளவர்கள் போட்டபோது, அந்த முன்னேற்றம் நிச்சயமாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெற்றோர் பொய் சொல்லவில்லை. பாடுபட்டவர் கண்ணுக்குப் பலன் பெரிதாகத்தான் தெரியும். அதே அணியினரின் அடுத்த ஆண்டுத் தொகுப்பாய்வில், பெற்றோர் குழந்தையை நடத்தும் விதம் மேம்பட்டதும், குழந்தையின் முரட்டு நடத்தை குறைந்ததும் இந்தக் கடுமையான அளவீட்டிலும் நிலைத்து நின்றன. ஆகவே பயிற்சியை வீண் என்று எழுதிவிடாதீர்கள். எதற்குப் பயன்படுகிறது என்பது இப்போதுதான் சரியாகத் தெரிகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் விலகியவர்களைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலையில் பெரும்பகுதி. கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் ஜெயித்துவிடும். குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவின் கணக்கில்தான், ஒரு நாள் வந்து ஓடிப்போனவரும் சேர வேண்டும்.

ஒரு செயலி என் நண்பனின் கூச்சத்தை மூன்றே வாரத்தில் போக்கிவிட்டதாம். நானும் வாங்கலாமா?
– கல்லூரி மாணவி

கூச்சம் போகாதவர்கள் மதிப்புரை எழுத உட்காருவதில்லை. பணம் கட்டாமல் முயன்று பார்க்க வழியிருந்தால் பாருங்கள்.

என் மகளின் பள்ளியில் எல்லா மாணவர்களுக்கும் உணர்ச்சிகளைக் கையாளும் திறன் வகுப்பு தொடங்குகிறார்கள். நல்லதுதானே? கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?
– ஒரு தாய்

வரலாம். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பதின்வயதினரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. பயிற்சி ஊர் பேர் தெரியாத சரக்கு அல்ல. தீவிர உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ளவர்களுக்காக மார்ஷா லினஹன் உருவாக்கிய, நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சையிலிருந்து எடுத்த திறன்கள். அவற்றை வகுப்பறையில் எல்லாருக்குமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முடிந்த கையோடு அளந்தால், வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளைவிட இவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் சற்றே கூடியிருந்தன. பெற்றோருடனான உறவும் சற்று மோசம். பின்னால் மறுபடி அளந்தபோதும் பெற்றோர் விஷயம் மட்டும் சரியாகவில்லை. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசை அது.

பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மனக்கவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னெஸ்) சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: பள்ளிகள் ஏற்கெனவே நடத்திவந்த பாடத்தைவிட மேலாக ஒன்றுமில்லை.

ஏன் இப்படி? நான் நினைப்பதைச் சொல்கிறேன். நிரூபணமான விளக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துன்பப்படுகிறவர் தேடி வந்து, தனிக் கவனிப்போடு, மாதக்கணக்கில் பழகும் திறனை, ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு வாரம் ஒரு பீரியடில் ஊட்டுகிறார்கள். 'உன் மனத்தை உற்றுப் பார்' என்று சொல்லிவிட்டு மணியடித்ததும் போய்விடுகிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்விலும், வீட்டில் அதிகம் பழகிய பிள்ளைகளின் நிலை மேலாக இருந்தது. (அக்கறையுள்ள பிள்ளைதான் வீட்டில் பழகும் என்பதால் அதையும் பயிற்சியின் வெற்றியாக எழுத முடியாது.)

பள்ளியில் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டு அளக்கப் போகிறீர்கள், ஆறு மாதம் கழித்து யார் அளப்பார்கள்? பதில் இருந்தால் தைரியமாகச் சேருங்கள்.

அலுவலகத்தில் தகவல்தொடர்புத் திறன் பயிற்சி நடத்தினோம். கருத்துப் படிவத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் ஐந்துக்கு ஐந்து. வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதலாமா?
– மனிதவள அதிகாரி

மதிய உணவு நன்றாக இருந்திருக்கும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே நாலு படி வகுத்துக் கொடுத்துவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, இருக்கைக்குத் திரும்பியபின் நடந்துகொள்வது மாறியதா, அதனால் வேலையில் பலன் உண்டா. நீங்கள் முதல் படியில் நிற்கிறீர்கள்.

முதல் படி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வைவிட நல்ல சாட்சி இல்லை. 1939-இல் தொடங்கியது. தடம் மாறக்கூடும் என்று அஞ்சிய சிறுவர்களையும் மற்றவர்களையும் ஒத்த இணைகளாக்கி, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆலோசனை, பாட உதவி, கோடை முகாம் எல்லாம் தந்தார்கள். ஜோன் மெக்கார்ட் அவர்களை நடுவயதில் தேடிக் கண்டுபிடித்து 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'எனக்கு நல்லது நடந்தது' என்றார்கள். பதிவேடுகளோ, குடிப்பழக்கம், மீண்டும் குற்றம் செய்தல், இளவயது மரணம் ஆகியவற்றில் அவர்கள் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்ததைக் காட்டின. மேலிடத்துக்கு எழுதுவதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

சிபிடி, டிபிடி என்று பல உறுப்புகள் கொண்ட சிகிச்சைகளில் உண்மையில் எந்த உறுப்பு வேலை செய்கிறது?
– செவிலியர்

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்; பார்த்திருக்கிறார்கள். சிபிடி என்பது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. நீல் ஜேக்கப்சன் 1996-இல் மனச்சோர்வுக்கான சிபிடியைக் கழற்றிப் பார்த்தார். எண்ணங்களை ஆராயும் பகுதியை எடுத்துவிட்டு, அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டு மீண்டும் தொடங்க வைக்கும் பகுதியை மட்டும் கொடுத்தாலும் முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் வந்தது. 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த எளிய சிகிச்சையை இளநிலைப் பணியாளர்கள் கொடுத்தபோது, தேர்ந்த சிகிச்சையாளர்கள் தந்த சிபிடிக்கு அது குறையவில்லை. செலவும் குறைவு.

டிபிடி என்பது, பள்ளி பற்றிய பதிலில் சொன்ன லினஹனின் சிகிச்சைதான். அதை அவரே 2015-இல் 99 பெண்களிடம் பிரித்துச் சோதித்தார். முழுச் சிகிச்சை, திறன் பயிற்சி மட்டும், தனிச் சிகிச்சை மட்டும் என்ற மூன்றிலும் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்ததில் திறன் பயிற்சி இருந்த இரண்டு குழுக்களும் முந்தின. 'திறன் மட்டும்' பெற்றவர்களையும் அவர் கைவிட்டுவிடவில்லை. ஆளுக்கொரு மேற்பார்வையாளரும் நெருக்கடி நேர ஏற்பாடும் இருந்தன. வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதை மறந்துவிடுபவர்கள் இந்த ஆய்வை மேற்கோள் காட்டக் கூடாது.

அடுத்த மாதம் சிகிச்சை தொடங்குகிறேன். எனக்கு அது பலன் தருகிறதா என்று நானே கவனிக்க வழி உண்டா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

உண்டு. இன்றே தொடங்குங்கள், முதல் அமர்வுக்கு முன் சில வாரக் குறிப்பு இல்லாவிட்டால் பிறகு எழுதுவதற்கு அர்த்தமில்லை. மனச்சோர்வு என்றால் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் போதும். மொத்தம் 27 மதிப்பெண். கூடக் கூடத் துன்பம் அதிகம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அதே கிழமையில் நிரப்புங்கள். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்து புள்ளி குறைந்து, குறைந்தபடியே நின்றால் அது மாற்றம். கூடவே, பிறர் கண்ணுக்கும் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்ணுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே போனேன் என்பதுபோல. தாளைச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். எண் நகராவிட்டால் முறையை மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்பதாவது கேள்வி சாவதைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதற்கு நீங்கள் இடும் மதிப்பெண் பூஜ்யமாக இல்லாவிட்டால், அடுத்த மாதம்வரை காத்திருக்கவும் வேண்டாம், குறிப்பு எடுக்கவும் வேண்டாம். அன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமோ பேசிவிடுங்கள்.