அம்மா ஏன் சோற்றைக் குழைய வடிக்கிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். ஒன்றரை வருடமாக நெஞ்செரிச்சல், மேல்வயிற்றில் வலி. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கேட்கிறது, திரும்பவும் வருகிறது. போன மாதம் டாக்டர் எண்டோஸ்கோப்பி எழுதிக் கொடுத்தார். எங்கள் தெருவில் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்த இரண்டே மாதத்தில் இறந்துபோனதால் அப்பா பயப்படுகிறார். அண்ணன், ‘சம்பா அறுப்பு முடியட்டும்’ என்கிறான். பொங்கலுக்குப் போயிருந்தேன். அம்மாவும் முன்னைப்போல இல்லை. சோற்றைக் குழையக் குழைய வடிக்கிறார், பிள்ளைகள் சாப்பிடவே மாட்டேன் என்கிறார்கள். நான் கட்டிக்கொடுத்த பெண், அண்ணனை மீறிப் பேச முடியாது. ஸ்கேன் எடுத்தால் போதாதா? எனக்கும் 34 வயதில் அவ்வப்போது நெஞ்செரிச்சல் வருகிறது. நானும் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டுமா?
- பட்டுக்கோட்டை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் சோற்றில்தான் வந்து நின்றேன்.

நெல் விளைகிற வீட்டில் இத்தனை வருடம் சோறு வடித்த கைக்குத் திடீரென்று பதம் மறந்துபோகுமா? அம்மா தெரிந்தேதான் குழைய விடுகிறார். யாருக்காக? பொங்கலன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தாரா? வடையை ‘அப்புறம்’ என்று ஒதுக்கினாரா? எல்லோரும் எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறாரா? பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று கவனித்திருக்கிறீர்கள். அப்பா எப்படிச் சாப்பிட்டார் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் காணோம்.

நான் நினைப்பது தவறாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: “அப்பாவுக்கு முழுங்கும்போது அடைக்கிறதா? எத்தனை மாதமாகக் குழைய வடிக்கிறாய்?”

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், உணவுக்குழாய் குறுகும்போது முதலில் அடைப்பது கெட்டியான சாப்பாடு. இட்லி, கறித்துண்டு நெஞ்சில் நிற்கும். பிறகு சோறு நிற்கும். கடைசியில் கஞ்சியும் தண்ணீரும்கூட இறங்காது. வீட்டில் இருக்கிற பெண்கள் இதற்கேற்ப ஒவ்வொரு படியாக இறங்கிவந்து சமைத்துப் போடுவார்கள். அவர் சாப்பிட்டுவிட்டதாக எல்லோருக்கும் நிம்மதி வரும். அந்த நிம்மதியிலேயே மாதங்கள் ஓடிவிடும். உங்கள் அம்மாவின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது வெளியே சொல்லாத அன்பாக இருக்கிறது. அதனால்தான் டாக்டருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். முழுங்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த வாரமே வரச் சொல்லியிருப்பார்.

அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணாகி, தழும்பாகிக் குறுகியிருக்கலாம். அப்படியென்றால் அதே எண்டோஸ்கோப்பி வழியாகவே பலூன் வைத்து விரித்துவிட முடியும். கட்டியாகவும் இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், பீடி, சிகரெட், குடி உள்ளவர் என்றால் அந்தச் சந்தேகம் கூடும். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்கேன் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. வயிற்று ஸ்கேன் கல்லீரலையும் பித்தப்பையையும் நன்றாகக் காட்டும். காற்று நிறைந்த இரைப்பையின் உள்தோலில் இருக்கிற புண்ணை அதை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. எண்டோஸ்கோப்பியில் சுண்டுவிரல் கனமுள்ள, வளைகிற குழாய் வாய் வழியாகப் போகும். நுனியில் கேமரா. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை நேரில் பார்த்துவிடலாம். சந்தேகமான இடத்தில் துளிச் சதை கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம், கிள்ளுவது வலிக்காது. பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள், வேண்டுமானால் மயக்க ஊசியும் போடுவார்கள். குமட்டும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் குழாய் போவது மூச்சுப் பாதையில் இல்லை, அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தக்கசிவு, துளை விழுவது போன்ற சிக்கல்கள் வரலாம், மிக அரிது.

தெருக்காரர் குழாய் விட்டதால் இறந்தார் என்கிறீர்களே, அவர் எந்த நிலையில் போனார் என்று அந்த வீட்டில் கேட்டீர்களா? கஞ்சியும் இறங்காத நாளில் தூக்கிக்கொண்டு போனால் எண்டோஸ்கோப்பி செய்தியைத்தான் சொல்லும், நாளைத் திருப்பித் தராது.

இனி உங்கள் அண்ணன். ‘அறுப்பு முடியட்டும்’ என்ற வரியை நான் எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். அறுப்பு முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுக் காவல் கிடக்க வேண்டும். அது முடிந்தால் உளுந்து. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. வயலில் வேலை இல்லாத நாள் என்று ஒன்று வராது. அறுப்பு மெஷினுக்காக நாள் கணக்கில் காத்திருக்கத் தெரிந்த மகனுக்கு, அப்பாவுக்காக ஒரு காலைப்பொழுது தெரியவில்லை என்றால் அது கடமை தவறுவதுதான். இதை அவரிடம் நான் சொன்னதாகவே படித்துக் காட்டுங்கள்.

உங்களையும் விட மாட்டேன். ‘கட்டிக்கொடுத்த பெண்’ என்றால் என்ன அர்த்தம்? சீருக்கும் பொங்கல்படிக்கும் பிறந்த வீடு, அப்பா தொண்டை அடைத்தால் அண்ணன் வீடா? பெற்றவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மகளுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து நீடாமங்கலம் ஒன்றும் வெளிநாடு இல்லை.

திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சீட்டைக் காட்டி எண்டோஸ்கோப்பி என்றைக்கு என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டையைக் கையில் வையுங்கள். போவதற்கு முன் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு. காபி, வெற்றிலை எதுவும் கூடாது. பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மயக்க ஊசி போட்டால் அன்று முழுக்க அவர் வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். அந்தத் துணை நீங்கள். கேஸ் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஒன்றரை வருடமாக அவை எரிச்சலை அடக்கி, நோயை மறைத்திருக்கலாம்.

உங்களுக்கு? 34 வயதில், எப்போதாவது வரும் எரிச்சலுக்கு உடனே எண்டோஸ்கோப்பி வேண்டாம். டாக்டர் சில வாரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று மலத்திலோ மூச்சிலோ பார்க்கலாம். வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும். ஆனால் முழுங்க அடைத்தாலோ, காரணமில்லாமல் இளைத்தாலோ, ரத்தசோகை வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ வயதைப் பார்க்காமல் எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும். ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 55, 60 தாண்டிப் புதிதாக எரிச்சல் தொடங்கினாலும் பார்த்துவிடுவதே நல்லது.

முதலில் போன். அம்மா சொல்கிற மாதக்கணக்கை ஒரு சீட்டில் எழுதி, டாக்டர் கையில் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.