அத்தைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

கேள்வி: என் அத்தைக்கு 71 வயது. தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். பழைய பாட்டென்றால் உயிர். கேசட் பிளேயர் பழுதானதிலிருந்து ஒலி 96.8 வானொலி மட்டும்தான் துணை. கைப்பேசியில் பேசுவார், அதற்கு மேல் தொடமாட்டார். கண்புரை அறுவை சிகிச்சையும் செய்திருக்கிறார். தீபாவளிக்கு ஐபாட் மாதிரி ஏதாவது வாங்கித் தர ஆசை. 150 வெள்ளிக்குள் எது நல்லது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: ஐபாட் ஆசையை விட்டுவிடுங்கள். 2001இல் வந்த அந்தப் பாட்டுக் கருவியை ஆப்பிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. இணையத்தில் பழையது கிடைக்கும்தான். ஆனால் பேட்டரி கிழடு தட்டியிருக்கும், பாட்டு ஏற்றக் கணினியும் வேண்டும். ஐபாட் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முந்திய ஆண்டே, 2000இல், நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ஹார்ட் டிஸ்க் வைத்த நோமாட் ஜூக்பாக்ஸ் பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த காப்புரிமைத் தகராறைத் தீர்த்துக்கொள்ள 2006இல் ஆப்பிள் கிரியேட்டிவுக்கு 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. அத்தைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

சரி, எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. அதில் பாட்டை யார் ஏற்றித் தரப்போகிறார்கள்? பழைய ரேடியோக்களைத் திறந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு என்பதால், தீபாவளி முடிந்த கையோடு 'கெட்டுப்போச்சு' என்று சொல்லிக்கொண்டு பிளேயரோடு என் வீட்டுக்கு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை கெட்டிருக்காது. சார்ஜ் தீர்ந்திருக்கும், இல்லை புளூடூத்தில் போய் நின்றிருக்கும், அதுவும் இல்லையென்றால் கடையில் போட்டுக் கொடுத்த ஏதோ பத்துப் பாட்டோடு அப்படியே இருக்கும். வாங்கிக் கொடுத்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

உங்களுக்கு அந்த நேரம் இல்லையென்றால், பாட்டோடு வரும் பெட்டியை வாங்குங்கள். இந்தியாவின் சரிகமா நிறுவனம் 2017 முதல் விற்கும் 'கார்வான்' அந்த வகை. தமிழ்ப் பதிப்பும் உண்டு. பெரிய மாடலில் 5,000 பாட்டு உள்ளேயே இருக்கும். கணினியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். குமிழைத் திருப்பினால் பாட்டு மாறும், எஃப்எம் வானொலியும் கேட்கலாம். ஆனால் அந்த நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாட்டுகள் மட்டும்தான் அதில் இருக்கும். அத்தைக்கு மிகவும் பிடித்த பாட்டே இல்லாமல் போகலாம். வாங்குமுன் பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். இது மேசையில் வைத்துக் கேட்கும் பெட்டி என்பதையும் மறக்க வேண்டாம். கீழே பூங்காவுக்குக் கையில் எடுத்துப் போக உதவாது.

நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு வேறு பக்கம். உள்ளங்கை அளவில், பக்கவாட்டில் மெமரி கார்டு செருகும் வானொலிப் பெட்டிகள் 150 வெள்ளிக்கு மிகவும் கீழேயே கிடைக்கும். முஸ்தஃபா கடையிலும் தேடிப் பாருங்கள். அதில் 0 முதல் 9 வரை எண் பொத்தான் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 47 என்று அழுத்தினால் 47ஆவது பாட்டு வரும். நீங்கள் செய்ய வேண்டியது, பாட்டுகளுக்கு 001, 002 என்று எண் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கார்டில் ஏற்றுவது. மலிவான பெட்டிகள் பல, பெயரைப் பார்க்காமல் ஏற்றிய வரிசையிலேயே பாடும். பிறகு அந்தப் பட்டியலைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுங்கள். பெட்டியின் குட்டித் திரையை நம்ப வேண்டாம். பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

கார்டு 32 ஜிபி போதும். சாதாரணத் தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி பிடிக்கும், ஆக ஐந்து நிமிடப் பாட்டென்றால் ஆறாயிரம் பாட்டுக்கு இடம் இருக்கிறது. 64 ஜிபி கார்டுகள் உள்ளே வேறு ஃபார்மட்டில் வருவதால் சில பெட்டிகள் அவற்றைப் படிக்காமல் விழிக்கும். இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். முந்நூறு பாட்டு போதும், அதையும் அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். செயலியில் காசு கட்டிப் பதிவிறக்கிய பாட்டுகள் பூட்டோடு வருவதால் கார்டுக்கு மாறாது. காசு கொடுத்து எம்பி3 ஆகவே வாங்கலாம், வீட்டிலுள்ள சிடிக்களிலிருந்தும் எடுக்கலாம். அத்தையின் கேசட்டுகள் அலமாரியில் கிடந்தால் அவற்றையும் மாற்ற முடியும். ஆனால் அறுபது நிமிடக் கேசட்டை மாற்ற அறுபது நிமிடம் ஆகும். ஓடவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும், குறுக்கு வழி இல்லை.

தொடுதிரை வேண்டவே வேண்டாம். வயதானவர்களின் விரல் காய்ந்திருந்தால் அது சட்டென்று உணராது. கடையில் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களைத் தடவிப் பாருங்கள். எது சத்தம், எது அடுத்த பாட்டு என்று விரலுக்குத் தெரிந்தால் சரி. வானொலிக்கும் கார்டுக்கும் மாறும் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். சத்தத்தை முழுதாக வைத்துக் கேட்கவும் தயங்காதீர்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அங்கேயே கரகரத்தால் வீட்டிலும் கரகரக்கும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். பழைய நோக்கியா கைப்பேசியில் இருந்த பிஎல்-5சி வகை பேட்டரி போடும் பெட்டிகள் உண்டு, அது இன்றும் கிடைக்கிறது.

ரசீது பத்திரம். சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பில் உள்ள 'லெமன் சட்ட'ப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு.

கேள்வி: மன்னார்குடியில் இருக்கும் தாத்தாவுக்கு இங்கிருந்து பிளேயர் வாங்கிப் போகலாமா?
– ஒரு வாசகர், பொங்கோல்

பதில்: அங்கேயே வாங்குங்கள். பழுது பார்க்க அங்கே ஆள் இருப்பார், இங்கே வாங்கியதற்கு உத்தரவாதம் பெரும்பாலும் அங்கே செல்லாது. உங்கள் கையால் கொண்டுபோய்த் தரவேண்டும் என்று ஆசைப்பட்டால் யுஎஸ்பியில் சார்ஜ் ஆவதாக எடுங்கள். மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், ஆனால் நம் சதுர முள் பிளக் அந்த ஊர்ச் சுவரில் நுழையாது. விமானத்தில் கைப்பையில் வையுங்கள், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. பாட்டு நிரப்பிய கார்டை மட்டும் இங்கிருந்தே தயார் செய்துகொண்டு போகலாம்.

கேள்வி: தம்பி அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறான். எம்பி3 பிளேயர் வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, ஜூரோங்

பதில்: எந்தக் கருவியை முகாமுக்குள் கொண்டுபோகலாம் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேமரா உள்ளவற்றுக்குச் சில இடங்களில் அனுமதி இல்லை. அது சரியென்றால் கிளிப் வைத்த சின்னப் பிளேயர், ஒயர் உள்ள இயர்ஃபோன் போதும். தொலைந்தாலும் வயிறு எரியாது. பாட்டை அவனே ஏற்றிக்கொள்ளட்டும், அக்காவின் ரசனையை அவன் தலையில் கட்ட வேண்டாம்.