ஹார்ட்ஸ் ஆஃப் ஐயர்ன் 4 மாதிரி பெரிய போர் கேம்ஸ் ஏன் இவ்ளோ சிக்கலா இருக்கு? புதுசா வர்றவங்க எப்படி கத்துக்கிறது?

ரெண்டாம் உலகப் போர் காலத்துல ஒரு நாட்டையே நடத்துற இந்த கம்ப்யூட்டர் கேம்ல ஜெர்மனி எடுத்து ஆடினேன், போலந்து பிரான்ஸ் எல்லாம் சுலபமா விழுந்துச்சு, 1941ல சோவியத் உள்ள போனதும் படை அப்படியே நின்னுருச்சு, டேங்க் இருக்கு ஆள் இருக்கு ஆனா நகர மாட்டேங்குது, எங்க தப்பாச்சுன்னே தெரியலன்னு கேள்விக்குக் கீழ எழுதியிருக்கீங்க. ரொம்ப நல்ல இடத்துல வந்து நிக்கிறீங்க, ஏன்னா இந்த வகை கேம் எல்லாத்தையும் புரிஞ்சுக்க அந்த ஒரு தோல்வி போதும்.

என் பதில் இதுதான். அந்தப் போரை நீங்க 1937லயே தோத்துட்டீங்க, 1941ல அது வெளிய தெரிஞ்சுது, அவ்ளோதான். பேச்சுக்காக சொல்லல, பின்னாடியே நடந்து போய்ப் பார்க்கலாம் வாங்க.

படை ஏன் நிக்குதுன்னு, படைக்கு வேண்டிய பொருள் எதுவரைக்கும் போகுதுன்னு காட்டுற சப்ளை மேப்பைத் திறந்து பாருங்க. எல்லைக்குப் பக்கத்துல பளிச்சுன்னு இருக்கும், உள்ள போகப்போக நிறம் மங்கி ஒரு இடத்துக்கு அப்புறம் ஒண்ணுமே இருக்காது. இந்த கேம்ல சப்ளை ரயில் பாதை வழியா சப்ளை ஹப்புக்கு (பொருள் வந்து இறங்குற மையம்) வரும், ஹப்லேர்ந்து சுத்தி கொஞ்ச தூரத்துக்குத்தான் போகும். சோவியத் நிலப்பரப்புல ஹப்புக்கும் ஹப்புக்கும் நடுவுல பெரிய இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டணும்னா ஹப்புக்கு லாரி ஒதுக்கணும், லாரி இருந்தா எட்டுற தூரம் கூடும். சரி லாரி எங்க? ஸ்டாக்ல பாத்தா இல்ல, ஏன்னா ராணுவ ஃபேக்டரி எல்லாத்தையும் டேங்க்லயும் விமானத்துலயும் போட்டிருப்பீங்க, பாக்க நல்லா இருக்கும்னு எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. இப்ப லாரி செய்யலாம்னு நாலு ஃபேக்டரியைத் திருப்பினா லாரிக்கு ரப்பர் வேணும்னு காட்டும். ஜெர்மனிகிட்ட ரப்பர் கிடையாது. ரப்பர் இருக்குறது மலாயா, டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் பக்கம், அந்த ரெண்டு சொந்தக்காரங்களோடயும் நீங்க ஏற்கனவே சண்டையில இருக்கீங்க. அப்ப செயற்கை ரப்பர் எடுக்குற ரிஃபைனரி கட்டணும், அதைக் கட்ட சிவில் ஃபேக்டரி வேணும், கட்டி முடிக்க மாசக்கணக்குல ஆகும், அதுக்கான ஆராய்ச்சியும் முன்னாடியே முடிஞ்சிருக்கணும். இப்ப சொல்லுங்க, அந்த ரிஃபைனரியைக் கட்டுமான வரிசையில எப்ப போட்டிருக்கணும்? 1937, மிஞ்சினா 1938.

ஒரு லாரிக்கே இவ்ளோ தூரம் பின்னாடி போக வேண்டியிருக்கு பாருங்க. எண்ணெய்க்கு, இரும்புக்கு, அலுமினியத்துக்கு, துப்பாக்கிக்கு, பயிற்சி எடுத்த ஆளுக்கு எல்லாத்துக்கும் இதே மாதிரி ஒரு சங்கிலி இருக்கு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. நீங்க சிக்கல்னு சொல்றது இந்தப் பின்னலைத்தான். எனக்கு இந்த கேம் மேல இருக்குற பிரியம் முழுக்க இங்கதான், சண்டை அனிமேஷன்லயோ வரைபடம் என் நிறத்துக்கு மாறுறதுலயோ இல்ல. எந்தத் தோல்வியை எடுத்தாலும் காரணம் தேடிப் பின்னாடி போகலாம், போனா நிஜமாவே ஒரு காரணம் கிடைக்கும், பெரும்பாலும் அது நீங்க கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு ஸ்க்ரீன்ல உக்காந்திருக்கும்.

சரித்திரமும் கிட்டத்தட்ட இப்படித்தான் போச்சு. சோவியத் ரயில் பாதை அகலம் அப்ப 1524 மில்லிமீட்டர், ஜெர்மன் பாதை 1435. அதனால பிடிச்ச பாதையை மாத்திப் போட்டுக்கிட்டே முன்னேற வேண்டியிருந்துச்சு, டேங்க் போன வேகத்துக்கு ரயில் வரவே முடியல. 1942ல எண்ணெய்க்காக காகசஸ் பக்கம் திரும்பினாங்க, ஆகஸ்ட்ல மைக்கோப்பைப் பிடிச்சும் போய்ப் பாத்தா சோவியத்காரங்க கிணறுகளை நாசம் பண்ணிட்டுப் போயிருந்தாங்க, பெரிய எண்ணெய் நகரமான பாகு வரைக்கும் போய்ச் சேரவே இல்ல. புத்தகத்துல படிக்கும்போது இது ரெண்டு வரி. கேம்ல எரிபொருள் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்குறதைப் பாத்துக்கிட்டு, டேங்க் டிவிஷனை (படைப்பிரிவை) நிறுத்தி வைக்கலாமா இல்ல எண்ணெய் தீர்றதுக்குள்ள பாய்ஞ்சுடலாமான்னு தவிச்சவங்களுக்கு அந்த ரெண்டு வரி வேற மாதிரி படும். ஜப்பானும் அப்படித்தான், 1941ல அமெரிக்கா எண்ணெயை நிறுத்தினதும் அவங்க தெற்கே திரும்பினது ஏன்னு ஜப்பானை எடுத்து ஆடினா உடனே தெரியும். அவங்க செஞ்சது நியாயம்னு நான் சொல்ல வரல, அந்த முடிவுக்குப் பின்னாடி இருந்த நெருக்கடி எவ்ளோ பெருசுன்னு தெரியும்னு சொல்றேன்.

இனி கத்துக்கிறது எப்படிங்கிறதுக்கு வரேன்.

முதல்ல ஜெர்மனியை விடுங்க, சோவியத்தும் அமெரிக்காவும் கூட இப்ப வேணாம். ஜெர்மனில ஆரம்பத்துல எல்லாமே நல்லா நடக்கும், அதனால எந்த முடிவு நல்ல முடிவு எது கெட்டதுன்னு 1941 வரைக்கும் தெரியாது. அவ்ளோ லேட்டா வர்ற பதில் கத்துக்க உதவாது. இத்தாலி நல்ல தேர்வு, 1936 ஜனவரில கேம் தொடங்கும்போதே எத்தியோப்பியாவோட போர் நடந்துக்கிட்டு இருக்கும், சின்னப் போர், மலைப் பிரதேசம், சப்ளை மோசம், நீங்க செய்யுறதுக்கு சில வாரத்துலயே பதில் வந்துடும். அதை முடிச்சுட்டு வேணும்னா அந்த ஆட்டத்தை அங்கயே நிறுத்திட்டுப் புதுசா தொடங்குங்க. உலகப் போரை முடிச்சே ஆகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, நல்லா ஆடுறவங்க நிறைய பேர் பாதில நிறுத்திடுறவங்கதான்.

பாஸ் பட்டனைக் கூச்சமில்லாம அமுக்குங்க. இது கேமுக்குள்ள நேரம் ஒவ்வொரு மணியா தானா ஓடுற கேம், ஆனா எந்த நேரத்துலயும் நிறுத்தி வெச்சு கட்டளை கொடுக்கலாம். நிறுத்தி வெச்சுட்டு எந்த எண் புரியலயோ அதுமேல மவுஸைக் கொண்டுபோங்க, அந்த எண் எப்படி வந்துச்சுன்னு கூட்டல் கழித்தல் கணக்கோட டூல்டிப் (அங்க திறக்குற சின்ன விளக்கப் பெட்டி) காட்டும். யூடியூப்ல எத்தனை வீடியோ பாத்தாலும் அந்த டூல்டிப் மாதிரி ஒரு வாத்தியார் கிடைக்க மாட்டார்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வியோட உக்காருங்க. இன்னைக்கு உற்பத்தி மட்டும் பாக்கப்போறேன்னு முடிவு பண்ணிட்டா மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். உற்பத்தில முக்கியமா கவனிக்க வேண்டியது எஃபிஷியன்சி, ஒரு ஃபேக்டரி ஒரே பொருளைத் தொடர்ந்து செஞ்சா அதோட வேகம் மெதுவா ஏறிக்கிட்டே போகும், நடுவுல புது மாடலுக்கு மாத்தினா அதுல கொஞ்சம் போயிடும், முழுசா வேற பொருளுக்குத் தாவினா நிறையவே போயிடும். அதனால ஒவ்வொரு தடவை புது டேங்க் மாடல் வரும்போதும் மாத்தலாமா வேணாமாங்கிறது நிஜமான கேள்வி, சுமாரான டேங்க் நிறைய வேணுமா நல்ல டேங்க் கொஞ்சமா வேணுமா. அந்தக் காலத்துல ஒவ்வொரு நாட்டு ராணுவமும் தலையைப் பிச்சுக்கிட்ட கேள்வி இது. அதேபோல சிவில் ஃபேக்டரியை முதல்ல பெருக்கிட்டு ஏறக்குறைய 1938 பக்கம் ராணுவ ஃபேக்டரிக்கு மாறுங்கன்னு பொதுவா சொல்லுவாங்க, பெரிய நாட்டுக்கு அது சரிதான், 1939லயே அடி விழப்போற போலந்து மாதிரி நாட்டுக்கு அது தற்கொலை.

சண்டைல ஒண்ணே ஒண்ணு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ரெண்டு பட்டை இருக்கும், பச்சை ஆர்கனைசேஷன் (தொடர்ந்து நின்னு சண்டை போடுற திறன்), ஆரஞ்சு ஸ்ட்ரெங்க்த் (ஆளும் ஆயுதமும் எவ்ளோ மிச்சம்). பச்சை தீர்ந்தா டிவிஷன் பின்வாங்கும், அழியாது, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துட்டு திரும்ப வரும். அதனாலதான் நீங்க எதிரியைத் தள்ளிக்கிட்டே போறீங்க, எதிரி குறையவே மாட்டேங்குறான், உங்க ஆளுங்க மட்டும் தேய்ஞ்சுக்கிட்டே இருக்காங்க. பின்வாங்க வழி இல்லாம சுத்தி வளைச்சாத்தான் ஒரு டிவிஷன் மொத்தமா காலியாகும். அதனால ஆயிரம் கிலோமீட்டர் முன்னணில ஒரே அம்புக்குறி போட்டு எல்லாரையும் தாக்கச் சொல்றதை விட, ரெண்டு இடத்துல டேங்கைக் குவிச்சு, கிழிச்சு, பின்னாடி போய் ரெண்டு முனையும் சேர்றது எவ்வளவோ மேல். முதல் தடவை உங்க கையால பத்து இருபது டிவிஷனை ஒரு வளையத்துக்குள்ள மடக்கிப் பிடிக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதை எழுதிப் புரிய வைக்க முடியாது.

கடற்படையை இப்போதைக்கு மறந்துடுங்க. நல்ல சிஸ்டம்தான், ஆனா அது தனி உலகம்.

இன்னொண்ணு, ஆன்லைன்ல கிடைக்கிற ரெடிமேட் டெம்ப்ளேட்டை (ஒரு டிவிஷன்ல எந்தப் படை எத்தனைங்கிற அமைப்பை) காப்பி அடிக்காதீங்க. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2016 ஜூன்ல கேம் வந்தப்ப ஒரு சண்டைல ஒரு பக்கத்துப் படைக்கு இருக்குற மொத்த இடத்தோட அகலம் 80, ஒவ்வொரு டிவிஷனும் தன் அகலத்துக்கு அதுல இடம் எடுக்கும், அதனால டிவிஷன் அகலம் 20 அல்லது 40 வெச்சா மிச்சம் இல்லாம பொருந்தும், வருஷக்கணக்கா எல்லா கைடும் அதையே வேத வாக்கா சொல்லிக்கிட்டு இருந்துச்சு. 2021 நவம்பர்ல சப்ளையையும் சண்டை அகலத்தையும் அடியோட மாத்திட்டாங்க, சமவெளிக்கு ஒண்ணு, காட்டுக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணுன்னு அகலம் நிலத்துக்கு நிலம் மாறுச்சு. மனப்பாடம் பண்ணி ஆடினவங்களுக்கு அன்னைக்கு எல்லாம் போச்சு, 80ஐ 20ஆல வகுத்துப் பாத்துதான் அந்த எண் வந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு ஒரு சாயங்காலம் புதுசா கணக்குப் போட வேண்டியிருந்துச்சு, அவ்ளோதான். இந்த கேம்ஸ் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கிட்டே இருக்கும், காரணம் தெரிஞ்சு வெச்சிருந்தா எந்த மாற்றமும் உங்களை ஒண்ணும் பண்ணாது.

மத்த கேம்ஸ் பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா உங்களுக்கு உலகப் போர் காலமே பிடிக்காமக்கூட இருக்கலாம். யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4, 1444 நவம்பர் 11ல தொடங்கும், ஒட்டோமான் துருக்கியர் ஜெயிச்ச வார்னா போருக்கு அடுத்த நாள். அதுல போர் பாதிதான், ரொம்ப வேகமா நிலம் பிடிச்சா பக்கத்து நாடெல்லாம் பயந்து கூட்டணி சேர்ந்து வந்துடும், எப்ப நிறுத்தணும்னு தெரியுறதுதான் அதுல திறமை. விஜயநகரத்தை எடுத்து பாமினி சுல்தானகத்தைச் சமாளிச்சுப் பாருங்க, தொடக்கத்துக்கு நல்ல நாடு. க்ரூசேடர் கிங்ஸ் 3ல நாடே கிடையாது, குடும்பம்தான், நீங்க அரும்பாடுபட்டு சேர்த்த ராஜ்யம் அப்பா செத்ததும் பிள்ளைகளுக்குப் பங்கா பிரியும். விக்டோரியா 3 கிட்டத்தட்ட பொருளாதாரம் மட்டும்தான். சண்டைதான் வேணும், எவ்ளோ நுணுக்கமா இருந்தாலும் பரவால்லன்னா கேரி க்ரிக்ஸ்பியோட வார் இன் தி ஈஸ்ட் 2 இருக்கு, ஒரு டர்ன் ஒரு வாரம், ஒரு கட்டம் பத்து மைல். அதை முதல் கேமா மட்டும் எடுத்துடாதீங்க.

இந்த கேம்ஸ் எதைக் காட்டலங்கிறதையும் சொல்லாம விட மனசு வரல. லெனின்கிராட் 1941 செப்டம்பர்லேர்ந்து 1944 ஜனவரி வரைக்கும் முற்றுகைல கிடந்துச்சு, லட்சக்கணக்கான ஜனங்க பட்டினில செத்தாங்க. கேம்ல அது விக்டரி பாயிண்ட் போட்ட ஒரு கட்டம். நகரத்து மேல குண்டு போட்டா ஃபேக்டரி சேதமாகும், அதுல இருந்த மனுஷங்க கணக்குல வரமாட்டாங்க. வதை முகாம் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, அதை விளையாட்டுல வைக்காதது சரின்னுதான் நானும் நினைக்கிறேன், ஆனா கேம் ஆடி மட்டுமே அந்தக் காலத்தைத் தெரிஞ்சுக்கிறவங்க மனசுல ஜெர்மனின்னா நல்ல டேங்க் செய்யுற நாடுன்னு மட்டும் பதிஞ்சுடுமோங்கிற கவலை எனக்கு நிஜமாவே உண்டு. அதனால எந்த நாட்டை எடுத்து ஆடினாலும் அந்த நாடு அந்த வருஷங்கள்ல என்ன பண்ணுச்சுன்னு பக்கத்துலயே படிச்சுக்கிட்டு வாங்க.

டிஎல்சி (தனியா காசு கொடுத்து வாங்குற கூடுதல் பகுதி) எதுவும் இப்ப வாங்காதீங்க, நான் மேல சொன்ன சப்ளை, ரயில் எல்லாம் இலவச அப்டேட்லயே வந்துடுச்சு. கூட ஆட ஒரு நண்பர் கிடைச்சா கோ-ஆப்ல ரெண்டு பேரும் ஒரே நாட்டை எடுக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. ஒருத்தர் ஃபேக்டரி, ஆராய்ச்சி, வியாபாரம் பாக்கட்டும், இன்னொருத்தர் படையை மட்டும் நடத்தட்டும், அடுத்த ஆட்டத்துல மாத்திக்கோங்க. படை நடத்துறவர் 1938லயே லாரி எங்கடான்னு கேக்க ஆரம்பிச்சுட்டா, அதுக்கப்புறம் சோவியத் பக்கம் தைரியமா போகலாம்.