மலேரியா பரப்பும் கொசுவை ஆய்வகத்தில் ஏன், எப்படி வளர்க்கிறார்கள்? அது ஆபத்தில்லையா?

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்: ஆய்வகத்தில் பொரிக்கும் கொசுவுக்குள் மலேரியா கிடையாது. தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்கு மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி போவதில்லை. வளர்ப்பதன் அவசியமும் இதில்தான் இருக்கிறது. வெளியில் பிடித்த கொசு ஏற்கெனவே யாரைக் கடித்ததோ, யாருக்குத் தெரியும்? 1897இல் செகந்திராபாத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ், புழுவிலிருந்து வளர்த்த கொசுக்களை மலேரியா நோயாளியைக் கடிக்கவிட்டுத்தான் அவற்றின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார்.

இன்று பரவலாக வளர்க்கப்படும் இனங்களில் ஒன்று அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையில் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவது இதுதான். வளர்ப்பறையில் சுமார் 27 டிகிரி வெப்பம், 70–80 சதவீத ஈரப்பதம். அகலத் தட்டில் புழுக்கள் நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தபடி, பொடித்த மீன் தீனியைத் தின்னும். இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும்: தீனி சற்றுக் கூடினால் நீரின் மேல் ஆடை படர்ந்து புழுக்கள் மூச்சுமுட்டிச் சாகும்; குறைந்தால் கொசுக்கள் சிறுத்துப்போகும். கூட்டுப்புழுக்களை உறிஞ்சுகுழாயால் எடுத்து வலைக்கூண்டில் வைப்பார்கள்.

உயிர் வாழச் சர்க்கரை நீர் போதும். முட்டையிட மட்டும் பெண்ணுக்கு இரத்தம் வேண்டும். 37 டிகிரியில் வைத்த இரத்தத்தை மெல்லிய சவ்வால் மூடிக் காட்டினால் தோலென்று குத்திக் குடிக்கும்.

உண்மையான ஆபத்து, அந்த இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கலக்கும்போதுதான் தொடங்குகிறது. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் எச்சில் சுரப்பியை எட்ட ஏறக்குறைய 14 நாள். அதனால் அந்தக் கொசுக்களுக்குத் தனி அறை, இரட்டைக் கதவு, தலைக்கணக்கு. ஒன்று குறைந்தாலும் தேடியாக வேண்டும்.