பக்கத்து வகுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு எனக்கு நான்காம் வகுப்பு. 27 பிள்ளைகளில் 8 பேருக்கு ஒரு வரியைக்கூடத் தடங்கல் இல்லாமல் வாசிக்க வரவில்லை. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன், வகுப்பறை நூலகம் வைத்தேன், நாடகம் போட்டேன், வீட்டுப்பாடத்தை நிறுத்தினேன். எதுவும் ஒரு பருவத்தைத் தாண்டி நிற்கவில்லை. "வந்த புதிதில் நாங்களும் இப்படித்தான் ஓடினோம்" என்கிறார் மூத்த ஆசிரியை. "முதலில் பாடத்தை முடியுங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். ஒரே ஓர் ஆசிரியையால் ஒரு பள்ளியில் எதையாவது மாற்ற முடியுமா? இல்லை, வரும் கலந்தாய்வில் இடமாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடட்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த எண்தான். "பாதிப் பேருக்கு வாசிப்பே வராது" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் 8 பேர் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையே பாதி வேலை. இடமாறுதலைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

முதலில் ஒரு பழைய கதை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆசிரியர்களை ஆந்திராவில் உள்ள ரிஷிவேலிக் கல்வி மையத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே சிற்றூர்ப் பள்ளிகளில், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து, ஆளுக்கோர் அட்டையை எடுத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிப்பதை அவர்கள் நேரில் பார்த்தார்கள். திரும்பி வந்து இங்குள்ள பாடங்களுக்கு அட்டை தயாரிக்கும் வேலையில் இறங்கினார்கள். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அதில் பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை, பாடங்களைப் படிப்படியாக வரைந்து காட்டும் ஏணிப்படியில் பிள்ளையே பார்த்துக்கொண்டது.

அதே முறை 2007 வாக்கில் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வந்தது. பெட்டி பெட்டியாக அட்டை வந்தது, பயிற்சி வந்தது, கம்பி கட்ட ஆள் வந்தார். ரிஷிவேலியைப் பார்த்த கண் மட்டும் எங்களுக்கு வரவில்லை. அதிகாரி வருகிற நாளில் பந்தலில் படங்கள் தொங்கும். மறுநாள் பழையபடி நான் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து கத்தும். ஏறக்குறைய ஏழு மாதம் அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஒரு நாள் பக்கத்து அறை ஆசிரியை வரவில்லை. அவருடைய வகுப்பையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சத்தம் போட்டு அடக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளைகள் தங்கள் வருகையைத் தாங்களே குறித்துவிட்டு, தட்டில் இருந்து அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, "இதை முடித்துவிட்டேன் டீச்சர், சரி பாருங்கள்" என்று நோட்டை நீட்டினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. அவளே காட்டிக்கொடுத்தாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த ஆசிரியையிடம் போய், "எனக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டேன். எத்தனையோ சுற்றறிக்கைகள் செய்யாததை அந்த ஒரு காலைப் பொழுது செய்தது.

இத்தனை நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் ஒரு மாற்றம் தங்க வேண்டுமானால், இன்னோர் ஆசிரியை அதைத் தன் கண்ணால் பார்த்து, தானே விரும்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து, எந்த இடத்தில் பிள்ளை தடுமாறியது, ஏன் தடுமாறியது என்று பேசுவார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் நம் குறுவள மையக் கூட்டங்களும் இப்படி நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூட்டம் கூடுகிறது, தேநீர் வருகிறது, பிள்ளை மட்டும் அங்கே இருப்பதில்லை.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். நீங்கள் ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைத் தொடங்கியிருக்கிறீர்கள். மூன்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நூலகம் மட்டும் இருக்கட்டும், ஒரு மூலையில் அது பாட்டுக்கு இருக்கும். இந்தப் பருவம் முழுக்க அந்த எட்டுப் பேரின் வாசிப்பு ஒன்றுதான் உங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கம் முடிந்ததும் முதல் 20 நிமிடம். மற்ற 19 பேருக்கு எழுத ஏதாவது கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்து, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் காதில் விழக் கூடாது. எங்கே தடுக்குகிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். அப்போது திருத்த வேண்டாம்.

குறித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். "வாசிக்கத் தெரியாத" பிள்ளைக்குப் பெரும்பாலும் பாதிக்கு மேல் தெரிந்திருக்கும். என்னிடம் படித்த ஒரு பையன் மூன்றாண்டு மக்கு என்ற பெயரோடு இருந்தான். உட்கார வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவனுக்குச் சிக்கல் கொம்பில் மட்டும்தான். "கோயில்" என்பதைக் "கேயில்" என்று வாசிப்பான். "பொட்டு" அவனுக்குப் "பெட்டு". நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது, கால் வேறு சேர்ந்துகொள்கிறது. சின்னப் பிள்ளை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போய்க் கொம்போடு நின்றுவிடுகிறது. இதை அறிந்தபின், கெ, கே, கொ, கோ வரும் சொற்களை மட்டும் தீக்குச்சிப் பெட்டி அட்டைகளில் எழுதி மூன்று வாரம் விளையாடினோம். அவ்வளவுதான். மூன்றாண்டு அவமானத்துக்கு மருந்து மூன்று வாரம்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிப்பதும் இந்த எண்ணத்தில்தான். வகுப்பை வைத்து அல்ல, நிலையை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு என்பது நல்ல கொள்கை. ஆனால் அரும்பு என்று பதிவில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகிவிடக் கூடாது. அரும்புக்குள்ளேயே எட்டு விதம் இருக்கும். உங்கள் நோட்டு அதைச் சொல்லும்.

இனி அந்த மூத்த ஆசிரியை. "நாங்களும் இப்படித்தான் ஓடினோம்" என்று அவர் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடிக் களைத்தவர் பேசும் பேச்சு அது. அவரோடு யாரும் கூட ஓடவில்லை என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. அவரிடம் உங்கள் முறையை விளக்கப் போகாதீர்கள். "இந்தப் பையனுக்கு எது தடுக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, ஒரு பத்து நிமிடம் வந்து கேட்டுப் பார்க்கிறீர்களா டீச்சர்?" என்று கேளுங்கள். அவர் வகுப்பில் நடக்கும் ஏதாவது ஒன்றைப் பார்க்க நீங்களும் போங்கள். கையெழுத்தோ, வாய்ப்பாடோ, அவரிடம் நன்றாக வருவது ஒன்று கட்டாயம் இருக்கும். குறை சொல்லப் போகிறவருக்குத் திறக்காத கதவு, கற்றுக்கொள்ளப் போகிறவருக்குத் திறக்கும். அவர் மறுத்தால் இன்னொருவரைக் கேளுங்கள். ஒருவர் போதும், பள்ளி முழுவதும் வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் வாதாட வேண்டாம். பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரம், விலையில்லாப் பொருள் கணக்கு, சத்துணவு, காலை உணவு என்று அவர் தலையில் ஏற்றி வைத்திருப்பது கொஞ்சமல்ல. பாடத்தை முடியுங்கள் என்றால் முடித்துக் கொடுங்கள். ஆறேழு வாரம் கழித்து, எட்டுப் பேரில் முதலில் தேறிய பிள்ளையை அவர் அறைக்கு அழைத்துப் போய் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். அவரும் ஒரு காலத்தில் சாக்பீஸ் பிடித்த ஆசிரியர்தான். அதற்குப் பிறகு அந்த 20 நிமிடத்தில் அவர் கை வைக்க மாட்டார்.

பெற்றோரை மறந்துவிடாதீர்கள். 1950-களின் இறுதியில், காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளி நம்முடையது என்ற எண்ணம் அப்படி வந்தது. இன்று கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கையெழுத்துப் போடுவது மட்டுமே வேலையாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்த எட்டுப் பேரின் அம்மாக்களைத் தனியே உட்கார வைத்து, "உங்கள் பிள்ளைக்கு இந்த நான்கு எழுத்துதான் பாக்கி" என்று அட்டையைக் காட்டுங்கள். "உங்கள் பையன் படிக்கவே மாட்டேன் என்கிறான்" என்று மட்டுமே கேட்டுப் பழகிய தாய் அவர். நான்கு எழுத்து என்றால் கணக்கு அவருக்குப் புரியும். படிக்காத தாயாக இருந்தாலும் இரவு அடுப்பின் பக்கத்தில் உட்கார வைத்து அட்டையைப் புரட்டச் சொல்வார்.

கடைசியாக இடமாறுதல். இந்த ஆண்டு கேட்காதீர்கள். எட்டுப் பேரும் ஐந்தாம் வகுப்புக்குப் போகும்வரை இருங்கள். அதன் பிறகும் அந்தப் பள்ளியில் ஒருவர்கூட உங்கள் வகுப்பை எட்டிப் பார்க்கவில்லை என்றால், தாராளமாகப் போங்கள். உங்கள் உடல்நலமும் குடும்பமும் முக்கியம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். போகும்போது அந்த நோட்டைப் படி எடுத்து, ஒரு படியை ஐந்தாம் வகுப்பு ஆசிரியை கையில் நேரில் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து பாக்கி என்று அதில் இருக்க வேண்டும்.